டிராஃப்ட் மேடையோடு செய்தியை முடித்துவிடாதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

அமெரிக்காவின் பெண்கள் தொழில்முறை கூடைப்பந்து லீக்கான டபிள்யூ.என்.பி.ஏ.வில் ஒவ்வொரு ஏப்ரலும் நடக்கும் டிராஃப்ட் (புதுமுக வீராங்கனைகளை அணிகள் வரிசையாகப் பெயர் சொல்லி எடுக்கும் நிகழ்ச்சி) பற்றி இப்போதெல்லாம் நம் தமிழ்ப் பத்திரிகைகளிலும் ஒரு படமும் நாலு வரியும் வருகிறது. கல்லூரி நட்சத்திரம் கெய்ட்லின் கிளார்க் 2024இல் வந்த பிறகுதான் இந்த மாற்றம். அதற்கு முன்னால் அப்படி ஒரு லீக் 1997லிருந்து நடந்துகொண்டிருப்பதே விளையாட்டுப் பக்கத்துக்குத் தெரிந்த மாதிரி இல்லை. செய்தி வருவது சந்தோஷம்தான், குறை சொல்லவில்லை. ஆனால் வருகிற செய்தியெல்லாம் மேடையோடு முடிந்துவிடுகிறது. முதலில் யாரை எடுத்தார்கள், என்ன டிரஸ் போட்டிருந்தார், அம்மா அழுதாரா, அவ்வளவுதான். மூன்று நாலு வாரம் கழித்து மே மாதம் நடப்பதை ஒருவரும் எழுதுவதில்லை. அதைத் தெரிந்துகொள்ளாமல் சென்னையில் சில பெற்றோர் நல்ல காசை விட்டுக்கொண்டிருக்கிறார்கள், அதனால்தான் இந்தக் கடிதம்.

நானும் கல்லூரி வரை கூடைப்பந்து ஆடினவள். என் மகள் எட்டாம் வகுப்பு, ஸ்கூல் டீமில் பாயிண்ட் கார்டு, அதாவது பந்தைக் கொண்டு போய் ஆட்டத்தை நடத்துகிறவள். எங்கள் அபார்ட்மெண்ட் வாட்ஸ்அப் குழுவில் ஒரு பயிற்சி மையத்தின் விளம்பரம் அடிக்கடி வருகிறது (பெயர் வேண்டாம், இதே மாதிரி இன்னும் நாலு மையம் இருக்கும்). மேலே கிளார்க் படம். கீழே படிக்கட்டு போட்டு ஒவ்வொரு படியிலும் எழுதியிருக்கிறார்கள்: பள்ளி அணி, அமெரிக்க ஸ்காலர்ஷிப், டிராஃப்ட், டபிள்யூ.என்.பி.ஏ. கடைசிப் படியில் ஒரு டாலர் மூட்டை. 'எலைட் பேட்ச்' என்று ஒன்று, அதற்கு ஃபீஸ் தனி, ஷூ தனி, 'அமெரிக்க கோச்சுகளுக்கு அனுப்ப வீடியோ எடுத்துத் தருகிறோம்' என்று அதற்குத் தனி. எங்கள் மாடியிலேயே ஒரு வீட்டில் நகையை வைத்து அந்த பேட்ச்சில் சேர்த்திருக்கிறார்கள். அந்த அம்மாவிடம் நான் ஏதாவது சொன்னால் பொறாமை என்று நினைப்பார்கள், பத்திரிகையில் வந்தால் ஒருவேளை நம்புவார்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நமக்குத் தெரிந்ததெல்லாம் ஏலம். 2024 டிசம்பரில் பெண்கள் பிரீமியர் லீக் கிரிக்கெட் ஏலத்தில் நம்ம மதுரைப் பெண் கமலினியை, 16 வயது, அடிப்படை விலை 10 லட்சத்திலிருந்து ஏற்றிக்கொண்டே போய் 1.6 கோடிக்கு மும்பை எடுத்தது. இரண்டு அணிக்கு ஒரே பெண் வேண்டுமென்றால் விலை ஏறும், லாபம் அந்தப் பெண்ணுக்கு. டிராஃப்ட் அந்த ரகம் கிடையாது. அங்கே அணிகள் வரிசையில் நிற்கும், தன் முறை வரும்போது ஒரு பெயரைச் சொல்லும், சொன்னதும் அந்தப் பெண் அந்த அணிக்கு. எத்தனை அணி ஆசைப்பட்டாலும் சம்பளம் ஒரு பைசா ஏறாது, எத்தனையாவது ஆளாக எடுத்தார்களோ அதற்கு ஏற்கெனவே அட்டவணை போட்டு வைத்திருக்கிறார்கள். எந்த ஊர் என்பதும் அவள் கையில் இல்லை. மாட்டேன் என்று சொன்னால் அந்த லீக்கில் வேறு அணிக்குப் போய் உடனே ஆடவும் முடியாது.

வரிசையில் முதலில் நிற்பது, போன சீசன்களில் அடி வாங்கிய அணி. அதற்கும் ஒரு குலுக்கல் வைத்திருக்கிறார்கள். பிளேஆஃப் (கோப்பைக்கான கடைசிக் கட்டம்) போகாத அணிகளின் இரண்டு சீசன் வெற்றி தோல்விகளைக் கூட்டிப் பார்த்து, மோசமான அணிக்கு அதிக வாய்ப்பு (நாலு அணி குலுக்கலில் இருந்தபோது 44.2 சதவீதம்) என்று கொடுத்து பந்து குலுக்குகிறார்கள். ஒரே சீசன் கணக்கு என்றால் நல்ல பெண் வரப்போகிற வருஷம் பார்த்து வேண்டுமென்றே தோற்பார்கள் இல்லையா, அதனால் இரண்டு சீசன். இந்த ஏற்பாடு அணிகளுக்கு நன்றாகவே வேலை செய்கிறது, அதை மறுக்கவில்லை. இண்டியானா ஃபீவர் 2023இல் அலியா பாஸ்டனை முதலாவதாக எடுத்தது, 2024இல் திரும்பவும் குலுக்கலில் முதலிடம் கிடைத்து கிளார்க்கை எடுத்தது. 2023இல் 40 ஆட்டத்தில் 13தான் ஜெயித்த அணி அடுத்த வருஷம் 20 ஜெயித்தது. கிளார்க் வருகிறார் என்று எதிரணிகள் தங்கள் ஆட்டங்களைப் பெரிய அரங்கத்துக்கு மாற்றின.

இதெல்லாம் அணிக்கும் டிவிக்கும் கிடைத்த லாபம். கிளார்க்குக்கு? 2024இல் இருந்த அட்டவணைப்படி நாலு வருஷத்துக்குச் சேர்த்து 3,38,056 டாலர். முதல் வருஷம் 76,535 டாலர். நம்ம ரூபாயில் போட்டால் அறுபது லட்சத்துக்கு மேல், கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, அமெரிக்காவில் வாடகை கொடுத்து வாழ்கிறவர்களைக் கேளுங்கள். அதே வருஷம் ஆண்கள் லீக்கில் முதலாவதாக எடுக்கப்பட்ட பையனுக்கு முதல் வருஷமே ஒரு கோடி டாலருக்கு மேல். கிளார்க்குக்கு விளம்பரத்தில் கோடிகள் வந்தன, அது வேறு கதை, அது டிராஃப்ட் கொடுத்த காசில்லை. அதே டிராஃப்டில் மூன்றாவது சுற்றில் எடுத்த பெண்களுக்கு வருஷம் 64,154 டாலர், அதுவும் அணியில் இடம் பிடித்தால்தான். சம்பளம் போதாது என்று அந்த வீராங்கனைகளே 2025 ஜூலையில் ஆல்-ஸ்டார் ஆட்டத்துக்கு (லீக்கின் நட்சத்திரங்கள் மட்டும் ஆடும் ஆட்டம்) முன்னால் 'எங்களுக்குச் சேர வேண்டியதைக் கொடுங்கள்' என்று டீ-ஷர்ட்டில் அடித்துப் போட்டுக்கொண்டு மைதானத்தில் நின்றார்கள். அவர்கள் கேட்டது நியாயம். 2026லிருந்து டிவி உரிமையே வருஷத்துக்கு சுமார் 20 கோடி டாலர் என்று ஒப்பந்தம் போட்ட லீக் அது.

'இடம் பிடித்தால்தான்' என்று சொன்னேனே, மொத்த விஷயமும் அங்கேதான் இருக்கிறது.

2024இல் 12 அணி. ஒரு அணிக்கு அதிகபட்சம் 12 பேர். மொத்தம் 144 நாற்காலி, ஒரு அணி மொத்தமாகக் கொடுக்கலாம் என்று லீக் வைத்த சம்பள உச்சவரம்பு இடிக்கிறது என்று சில அணிகள் 11 பேரோடு நிறுத்திக்கொள்ளும், அப்போது அதுவும் கிடையாது. அந்த நாற்காலிகளில் ஏற்கெனவே ஆட்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். இந்த நிலைமையில் மூன்று சுற்றில் 36 பேரை மேடையில் பெயர் சொல்லி எடுக்கிறார்கள். ஏப்ரல் கடைசியில் பயிற்சி முகாம், மே நடுவில் சீசன். இடையில் உள்ள அந்தக் கொஞ்ச நாளில் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, நன்றி, வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லிவிடுவார்கள். டிராஃப்டில் எடுத்தவர்களில் பாதிப் பேருக்குக்கூட முதல் ஆட்டத்தன்று இடமில்லாத வருஷங்கள் உண்டு. ஏப்ரலில் டிவியில் தொப்பி போட்டுக்கொண்டு குடும்பத்தோடு சிரித்த பெண், மே மாதம் துருக்கியிலோ ஆஸ்திரேலியாவிலோ வேலை கிடைக்குமா என்று ஏஜெண்டிடம் கேட்டுக்கொண்டிருப்பாள்.

கடைசியில் எடுக்கப்பட்டவர்களுக்குத்தான் இப்படி என்று நினைக்க வேண்டாம். சார்லி காலியர் 2021 டிராஃப்டில் எல்லோருக்கும் முதலில் எடுக்கப்பட்டவர், டாலஸ் அணி. 2023 மே மாதம் அதே டாலஸ் அவரை விட்டுவிட்டது. கிறிஸ்டல் டேஞ்சர்ஃபீல்ட் 2020இல் 16வது ஆளாக, அதாவது இரண்டாவது சுற்றில், மினசோட்டாவுக்குப் போனார், அந்த வருஷத்தின் சிறந்த புதுமுகம் என்ற விருதையே வாங்கினார், இரண்டாவது சுற்றிலிருந்து வந்து அதை வாங்கிய முதல் ஆள் அவர்தான். 2022 சீசன் தொடங்கும் நேரத்தில் மினசோட்டா அவரையும் கழற்றிவிட்டது. விருது வாங்கியவருக்கே இந்தக் கதி.

இதற்கு நேர் எதிரான கதையும் அதே லீக்கில் இருக்கிறது, அதையும் சொல்லாவிட்டால் நியாயமாக இருக்காது. அதே 2020இல் கடைசிப் பெயர், 36வது, சக் சட்டன். கழற்றிவிடப்பட்டு, அலைந்து, திரும்பி வந்து 2023இல் ஃபீனிக்ஸ் அணிக்காக ஒரே ஆட்டத்தில் புள்ளி, ரீபவுண்ட் (கூடையில் விழாத பந்தைப் பிடிப்பது), அசிஸ்ட் (மற்றவர் கூடை போடக் கொடுக்கும் பாஸ்) மூன்றிலும் இரட்டை இலக்கம் எடுத்தார். டயானா டாரசி மாதிரி பெரிய நட்சத்திரங்கள் ஆடிய அந்த அணியின் சரித்திரத்தில் அதுவரை யாரும் அதைச் செய்ததில்லை. எரிக்கா வீலரை 2013இல் யாருமே எடுக்கவில்லை, 2019 ஆல்-ஸ்டார் ஆட்டத்தின் சிறந்த வீராங்கனை அவர். பெக்கி ஹாமன் 1999 டிராஃப்டில் யாரும் எடுக்காதவர், பின்னால் பெரிய நட்சத்திரமாகி, கோச்சாகவும் கோப்பைகள் ஜெயித்தார். சட்டன் பெயர் 36வதாக வந்த அன்று எந்த ஊர்ப் பத்திரிகை படம் போட்டிருக்கும்?

அப்புறம் அந்த அவசரம். 2024 ஏப்ரல் 7ஆம் தேதி கிளார்க் கல்லூரி இறுதி ஆட்டம் ஆடி சவுத் கரோலினாவிடம் 87-75 என்று தோற்றார். 15ஆம் தேதி டிராஃப்ட். மே 14ஆம் தேதி தொழில்முறை லீக்கில் முதல் ஆட்டம். அடுத்த வருஷம் முதலாவதாக எடுக்கப்பட்ட பெய்ஜ் பெக்கர்ஸுக்கும் இதே கதைதான்: ஏப்ரல் 6 இறுதி ஆட்டம், 14 டிராஃப்ட். நம்ம ஊரில் ஒரு காலேஜ் டோர்னமெண்ட் முடிந்தால் பெண்களை ஒரு வாரம் முட்டிக்கு ஐஸ் வைத்து உட்காரச் சொல்வோம். அங்கே அந்த ஒரு வாரத்தில் டிரஸ் அளவெடுத்து, மேடை ஏறி, புது ஊருக்குப் பெட்டி கட்ட வேண்டும். ஆண்கள் லீக்கில் டிராஃப்ட் ஜூனில், சீசன் அக்டோபரில். (நம்ம நேரத்துக்கு பெண்கள் டிராஃப்ட் விடியற்காலை அஞ்சு மணிக்கு வரும். 2025இல் சித்திரைப் பிறப்புக்கு மறுநாள் என் மகள் என்னையும் எழுப்பிவிட்டுப் பார்க்க வைத்தாள். கிளார்க்கைவிட பெக்கர்ஸ்தான் அவளுக்குப் பிடிக்கும். இதில் எங்கள் இருவருக்கும் ஒத்துப்போவதில்லை.)

இப்போது அந்த விளம்பரத்தின் படிக்கட்டுக்கு வருகிறேன். இரண்டாவது படி, அமெரிக்க ஸ்காலர்ஷிப். அமெரிக்காவில் கல்லூரிப் பெண்கள் கூடைப்பந்து இவ்வளவு பெரிதாக வளர்ந்ததற்குக் காரணம் 1972இல் வந்த சட்டம், அரசுப் பணம் வாங்கும் கல்வி நிலையங்களில் ஆண் பெண் பாகுபாடு கூடாது என்றது. அதனால்தான் இன்று கல்லூரி விளையாட்டின் முதல் பிரிவில் மட்டும் 350 கல்லூரிகளுக்கு மேல் பெண்கள் அணி இருக்கிறது. ஆயிரக்கணக்கான பெண்கள் ஆடி, அதில் 2024இல் 36 பேர், 2025இல் 38 பேர் என்று பெயர் வாசிக்கப்பட்டு, அதிலும் பல பேர் மே மாதம் கழிகிறார்கள். நம்ம ஊர்ப் பெண் ஒருத்தி நன்றாக ஆடி, நன்றாகப் படித்து, அங்கே ஒரு கல்லூரியில் ஸ்காலர்ஷிப் வாங்கினால் அதுவே பெரிய விஷயம், டிகிரி செலவில்லாமல் கிடைக்கும், கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பலாம். ஆனால் அங்கே சேர்ந்துவிட்டால் டிராஃப்ட் விதியும் அமெரிக்க மாணவிகளுக்கு உள்ளதுதான்: அந்த வருஷம் 22 வயது ஆக வேண்டும், அல்லது நாலு வருஷப் படிப்பை முடித்திருக்க வேண்டும். அமெரிக்கக் கல்லூரிக்குப் போகாத வெளிநாட்டுப் பெண் என்றால் அந்த வருஷத்துக்குள் 20 வயது ஆனால் போதும், 2025இல் இரண்டாவதாக எடுக்கப்பட்ட பிரான்ஸின் டொமினிக் மலோங்கா அப்படி வந்தவர். பிரான்ஸில் தொழில்முறை லீக்கில் பெரியவர்களோடு ஆடி வந்த பெண் அவர். நம்ம பெண் எந்த லீக்கில் ஆடிவிட்டு வருவாள்?

விளம்பரம் சொல்லாத இன்னொன்று. 2021லிருந்து அமெரிக்கக் கல்லூரி வீராங்கனைகள் தங்கள் பெயரையும் படத்தையும் விளம்பரத்துக்குக் கொடுத்துச் சம்பாதிக்கலாம். சிலருக்கு அதில் வருவது டபிள்யூ.என்.பி.ஏ. முதல் வருஷச் சம்பளத்தைவிட அதிகம். அந்த மையத்து ஆள் இதையும் சேர்த்துச் சொல்கிறாராம், "காலேஜிலேயே லட்சக்கணக்கில் வரும் மேடம்" என்று. மாணவர் விசாவில் போகிற பெண்ணுக்கு அங்கே வேலை பார்த்துச் சம்பாதிக்கக் கட்டுப்பாடு இருக்கிறது, அந்தக் காசு அவளுக்குச் சுலபத்தில் கிடைக்காது. விசா வாங்கும்போதுதான் இது பெற்றோருக்குத் தெரிய வரும்.

இந்தியாவிலிருந்து டபிள்யூ.என்.பி.ஏ. கதவு வரை போன பெண் என்று பார்த்தால் கீது அன்னா ஜோஸ். கேரளத்துப் பெண், ஆனால் ஆடியதும் வேலை பார்த்ததும் இங்கே, சென்னையில், தெற்கு ரயில்வேயில். 2011இல் லாஸ் ஏஞ்சலஸ், சிகாகோ, சான் அன்டோனியோ மூன்று அணிகளின் தேர்வுக்கும் போய் வந்தார். ஒப்பந்தம் கிடைக்கவில்லை. கவனியுங்கள், அவர் போனது டிராஃப்ட் வழியாக இல்லை, நேராகத் தேர்வு முகாமுக்கு. அதற்கு முன்னால் ஆஸ்திரேலியாவில் ஒரு மாநில லீக்கில் ஆடி அங்கே பெயர் வாங்கியிருந்தார். திரும்பி வந்து இந்தியாவுக்கு ஆடினார், அர்ஜுனா விருது வாங்கினார், வேலையும் இருந்தது. நம்ம சென்னை அனிதா பால்துரையும் ரயில்வேதான். இந்திய அணிக்கு வருஷக்கணக்கில் கேப்டன், 2021இல் பத்மஸ்ரீ. பெரம்பூரில் இருப்பவளாகச் சொல்கிறேன், எங்கள் பக்கம் கூடைப்பந்து ஆடுகிற பெண்ணின் வீட்டில் பேசுவது 'ரயில்வேயில் எடுப்பார்களா' என்பதுதான். ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் ஒரு வேலை கிடைத்தால் ஆடும் வரை ஆடலாம், முட்டி போனபின் ஆபீசில் உட்காரலாம், மாதச் சம்பளம் நிற்காது. மூன்றாவது சுற்றில் பெயர் வந்து மே மாதம் வெளியே அனுப்பப்பட்ட பெண்ணைவிட இவள் நிலைமை எவ்வளவோ மேல் என்று சொன்னால் அந்த பேட்ச் அம்மாக்கள் என்னை அடிக்க வருவார்கள். இருந்தாலும் சொல்கிறேன். ஆண்கள் பக்கம் பார்த்தாலும் 2015இல் டாலஸ் எடுத்த சத்னாம் சிங், டிராஃப்டில் வந்த முதல் இந்தியர் என்று நாமெல்லாம் துள்ளினோமே, அவர் ஆண்கள் லீக்கான என்.பி.ஏ. சீசனில் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. எடுத்த அன்று வந்த செய்தியின் அளவில் பத்தில் ஒரு பங்கு அதற்கு அப்புறம் வந்ததா?

இங்கேயும் பெண்களுக்கு ஒரு லீக் தொடங்கி டிராஃப்ட் வைக்கலாமே என்று சிலர் எழுதுகிறார்கள். வைக்கலாம், நேரு உள்விளையாட்டரங்கத்தில் மேடை போட்டு தொப்பி கொடுக்க ஒரு நாள் போதும். எத்தனை அணி, அணிக்கு எத்தனை பேர், வருஷத்தில் எத்தனை மாதம் சம்பளம், காயம் பட்டால் ஆஸ்பத்திரி செலவு யாருடையது என்று முதலில் எழுதிக் காட்டட்டும். காலேஜ் அணிகளுக்கே சீசன் என்று ஒன்று ஒழுங்காக இல்லாத இடத்தில் எந்த வரிசையிலிருந்து யாரை எடுப்பார்கள் என்று எனக்குப் புரியவில்லை. அங்கே லீக் விரிகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன்: 2025இல் கோல்டன் ஸ்டேட் சேர்ந்து 13 அணி, அடுத்து டொராண்டோ, போர்ட்லாண்ட், 2030க்குள் கிளீவ்லாண்ட், டெட்ராய்ட், ஃபிலடெல்ஃபியாவும் சேர்ந்தால் 18. நாற்காலி கூடும், நல்லதுதான். என் மகள் வயதுப் பெண்கள் 22 ஆகும்போது நிலைமை இப்போது இருப்பதைவிடத் தேவலாம்.

உங்களிடம் நான் கேட்பது பெரிய காரியம் இல்லை. ஏப்ரலில் முதல் பெயருக்குப் படம் போடுங்கள், அதை நிறுத்தச் சொல்லவில்லை, என் மகள் வெட்டி அலமாரியில் ஒட்டுவாள். மே மாதம் சீசன் தொடங்கும் அன்று அதே பக்கத்தில், ஏப்ரலில் எடுத்தவர்களில் எத்தனை பேர் அணியில் இருக்கிறார்கள், எத்தனை பேர் வெளியே என்று ஒரு சின்னக் கட்டம் போடுங்கள். லீக்கே பெயர்களை வெளியிடுகிறது, எண்ணிப் பார்க்க ஒரு மணி நேரம் ஆகாது. அப்புறம், 'டிராஃப்ட் வரை கொண்டு போகிறோம்' என்று விளம்பரம் செய்யும் பயிற்சி மையங்களுக்கு உங்கள் நிருபர் ஒருவரை பெற்றோர் மாதிரி அனுப்பி, இதுவரை எத்தனை பெண்களுக்கு அமெரிக்கக் கல்லூரியில் முழு ஸ்காலர்ஷிப் வாங்கிக் கொடுத்தீர்கள், அந்தக் கல்லூரிகளின் பெயர் என்ன, வீடியோவுக்கு வாங்கிய காசுக்கு ரசீது தருவீர்களா என்று கேட்கச் சொல்லுங்கள். எலைட் பேட்ச்சின் அடுத்த தவணை ஜூன் முதல் வாரம். அதற்கு முன்னால் வந்தால் எங்கள் மாடியில் ஒரு வீட்டுக்காவது உதவும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பெரம்பூர், சென்னை.